மூன்று ரிங்

கிழக்கு வெளுக்கும் முன்பே ஆரோக்கியசெல்வி வால்வு சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு குழிக்கு நடந்தாள். சாவி என்றால் பீரோச் சாவி இல்லை. ஆளுயர இரும்புக் கம்பி; தலையில் குறுக்காக ஒரு கைப்பிடி, அடியில் சதுரமாக ஒரு வாய். குழிக்குள் இருக்கும் வால்வின் தலையில் அந்த வாயைப் பொருத்திச் சுற்ற வேண்டும். முப்பத்தெட்டுச் சுற்று. முதல் பத்து உயிரைக் கேட்கும். கைப்பிடியை அடிவயிற்றில் முட்டுக்கொடுத்து, குதிகாலை மண்ணில் புதைத்து, முதுகுத்தண்டு முறுக்கிக்கொள்ளத் தள்ளுவாள். அவசரப்பட்டு வேகமாகத் திறந்தால் குழாய் அதிர்ந்து எங்கேயாவது ஒரு ஜாயின்ட் பிய்த்துக்கொள்ளும். அதனால் செபமாலை மணி உருட்டுவது போல ஒவ்வொன்றாக எண்ணித்தான் சுற்றுவாள்.

ஷெட்டுக்குள் மோட்டார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் தரை நடுங்கும், தகரக் கூரை நடுங்கும், பேசினால் வாய் அசைவதுதான் தெரியும். பதினேழு வருஷத்தில் அவளுடைய வலது காது அதற்கே போய்விட்டது. முப்பத்தெட்டாவது சுற்று முடிந்ததும் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்து, இடுப்புச் சுருக்கில் இருந்த போனை எடுத்து, '2' என்று போட்டிருந்த நம்பரை அழுத்தினாள். ஒரு ரிங். கட். ஒரு நிமிஷத்தில் போன் அவள் கையில் ஒரு தரம் அதிர்ந்து அடங்கியது. ரெண்டாம் நம்பர் விழித்திருக்கிறார். தண்ணீர் புறப்பட்டுவிட்டது.

அந்தக் குழாய் வரிசையில் மொத்தம் நாலு ஷெட். தென்பெண்ணை மணலுக்கடியில் உறிஞ்சிய தண்ணீர் வயல்களுக்குக் கீழே புதைந்து ஓடி, வழியில் இரண்டு ஷெட்டுகளில் மூச்சு வாங்கிக்கொண்டு, திண்டிவனத்துக்கு முன்னால் நாலாவது ஷெட்டில் மேல்தொட்டிக்கு ஏறும். அதைக் குடிக்கிற ஊர்களை எண்ணினால் விரல் போதாது. ஒரு ஷெட்டுக்கு ஒரு ஆள். அங்கேயே ஓர் அறை, ஓர் அடுப்பு. ஆளில்லாமல் ஷெட்டை விட்டு நகர முடியாது. சம்பளம் பாங்கில் விழும். மீட்டிங் என்று யாரும் அவர்களைக் கூப்பிட்டதில்லை. நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை என்றால் நம்புவீர்களா? அதுதான் உண்மை.

மோட்டார் இரைச்சலில் போனில் பேச முடியாதே. அதனால் ரிங்தான் அவர்களுக்குப் பாஷை. ஒரு ரிங் அடித்தால் தண்ணீர் விட்டாயிற்று. இரண்டு அடித்தால் தொட்டி நிறைந்தது, நிறுத்து. மூன்று அடித்தால் ஆள் குழிக்குள் இருக்கிறது, மோட்டாரைத் தொடாதே. மூன்று ரிங் வந்துவிட்டால் கலெக்டரே வந்து நின்று சொன்னாலும் தொடமாட்டார்கள். மறுபடி ஒரு ரிங் வருகிறவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள்.

செல்விக்கு வேறு யாருமில்லை என்று சொல்ல முடியாது. மகள் அஸ்வினி சென்னையில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை செய்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். கணவன் செத்துப் பத்து வருஷமாகிறது. ஆனால் நாள் தவறாமல், விடிந்ததும் அவள் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்கிற மாதிரி ஒரு துடிப்பு வருமே, அது அந்த மூன்று நம்பர்களிடமிருந்துதான். கிறிஸ்துமஸ் காலையில் வேலையில்லாத நேரத்தில் மூன்றாம் நம்பரிலிருந்து ஒரு ரிங் வரும். பொங்கலன்று இவள் திருப்பி அடிப்பாள். அவ்வளவுதான் உறவு. அந்த அளவு உறவைக்கூட விட்டுவிட மனசு வராத தனிமை அது.

சித்திரை மாதத்தில் பேப்பரில் வந்தது. பம்ப் ஷெட்டுகளும் குழாயும் இருபது வருஷக் குத்தகைக்கு ஒரு கம்பெனியிடம் போகின்றனவாம். வைகாசியில் கம்பெனியின் ஏரியா மேனேஜர் ராஜ்குமார் வெள்ளைக் காரில் வந்து இறங்கினான். முப்பது வயது இருக்கும். நல்ல பேச்சு.

"நானும் இங்க பக்கத்துக் காணை ஊர்க்காரன்தான்க்கா. ஒன்னும் பயப்படாதீங்க" என்றான்.

ஆட்கள் வந்து ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டுப் பச்சை விளக்கு எரிகிற பெரிய பெட்டி ஒன்றை மாட்டினார்கள். வால்வின் தலையிலும் ஒரு சின்ன மோட்டார் ஏறி உட்கார்ந்தது. இனிமேல் விழுப்புரம் ஆபீஸில் ஒரு பையன் கம்ப்யூட்டரைத் தட்டினால் இங்கே மோட்டார் ஓடும், வால்வு திறக்கும். பெட்டியைச் சுற்றி இரும்புக் கூண்டு, கூண்டுக்குப் பூட்டு, பூட்டின் சாவி ராஜ்குமாரிடம். வால்வு சாவி மூலையில் சாய்ந்துகொண்டது.

"அப்ப எனக்கு இன்னா வேல சார்?"

"வாட்ச் பண்ணுங்க. இந்தப் பேப்பர்ல மட்டும் ஒரு கையெழுத்து. பழைய வேலைய விருப்பப்பட்டு விட்டுட்டு, கம்பெனியில புதுசா சேர்றீங்கன்னு. போடலன்னா மாசக் கடைசியோட முடிஞ்சுது."

"பதினேழு வருஷம்?"

"அது பழைய கதைக்கா. புதுசா ஆரம்பிங்க."

"நிரந்தரம் பண்றோம்னு சொல்லிக்கினே இருந்தாங்களே சார். மனு மேல மனுவா குடுத்து வெச்சிருக்கேன். இதுல கையெழுத்துப் போட்டா அதெல்லாம்?"

ராஜ்குமார் வாட்ச்சைப் பார்த்தான். "மத்த மூணு பேரும் போட்டாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி. உங்க ஒருத்தருக்காக எல்லாருக்கும் பேஜாரு பண்ணாதீங்க."

செல்விக்கு அந்தப் பேப்பரைவிட அந்த வார்த்தைதான் தைத்தது. மூன்று பேரும் போட்டுவிட்டார்களா? ஒரு ரிங்காவது கொடுத்திருக்கலாமே. இத்தனை வருஷம் விடியற்காலையில் கூப்பிட்ட போன்கள், இதற்கு மட்டும் வாயை மூடிக்கொண்டனவா? கேட்டிருக்கலாம். போனை எடுத்து '3' ஐ அழுத்தி, 'இன்னாங்க, போட்டுட்டீங்களா' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அவர்கள் வரிசையில் யாரும் யாரிடமும் பேசியதில்லையே! பேசாமலே பழகினவளுக்குக் கோபத்தையும் பேசாமலே வைத்துக்கொள்ளத்தான் தெரிந்தது. பேனாவை வாங்கி, 'மு. ஆரோக்கியசெல்வி' என்று எழுத்து எழுத்தாகப் போட்டாள்.

மறுநாள் காலை அவள் யாருக்கும் ரிங் கொடுக்கவில்லை. அவளுக்கும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மோட்டார் தானாக ஓடியது, தானாக நின்றது. அவள் கேப்பைக் கூழைக் கரைத்து வைத்துக்கொண்டு, கூண்டுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து, பெட்டி விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரைச்சலுக்கு நடுவில் இப்படி ஒரு மௌனம் இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. போனை இடுப்பிலிருந்து எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தாள். அப்புறம், ஏதோ மறந்தது போல, எடுத்து மறுபடி இடுப்பிலேயே செருகிக்கொண்டாள். இப்படியே பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள் காலை எட்டு மணி. மோட்டார் நின்றிருந்தது. இடுப்பில் போன் அதிர்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. கட்.

ரெண்டாம் நம்பர்!

ஆள் குழியில். பழைய பழக்கத்தில் அவள் கை தானாகவே ஸ்டார்ட்டர் இருந்த இடத்துக்குப் போய்க் காவலுக்கு நின்றது. அங்கே கைப்பிடி இல்லை, கூண்டுக் கம்பிதான் இருந்தது. அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே உள்ளே விளக்கு பச்சையிலிருந்து, மோட்டார் ஓடுகிறது என்று காட்டும் சிவப்புக்கு மாறியது. மோட்டார் ஒரு தரம் முனகிப் பிடித்துக்கொண்டது. வெளியே வால்வுத் தலையில் அந்தச் சின்ன மோட்டார் சுற்றுகிற சத்தம்.

"ஐயோ, ஆளு இருக்குதுடா! தொடாதீங்கடா!" என்று கத்தினாள். யாரைப் பார்த்துக் கத்துவது? பெட்டிக்குக் காது இல்லை. ஓடிப்போய் மூலையில் கிடந்த வால்வு சாவியைத் தூக்கினாள். பூட்டில் ஓர் அடி. கை மணிக்கட்டு வரைக்கும் மரத்தது. இரண்டாவது அடி. மூன்றாவது அடியில் கொண்டி பிய்ந்து தொங்கியது. உள்ளே பாய்ந்து மெயின் கைப்பிடியைக் கீழே இழுத்தாள். மோட்டார் இழுத்து இழுத்து அடங்கியது.

'2' ஐ அழுத்தினாள். இந்தத் தடவை கட் பண்ணவில்லை. இடது காதில் வைத்தாள். பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக அந்த முனையில் ஒரு குரல் கேட்டது. பெண் குரல், அழுகையில் உடைந்து கிடந்தது.

"யாரு? யாரு பேசறது?"

"ஒன்னாம் நம்பரு."

"எம் வூட்டுக்காரரைத் தண்ணி தூக்கி அடிச்சிடுச்சே! சுவத்தோட சேத்து அடிச்சிடுச்சே!"

நின்ற மோட்டாரை அப்படியே விட்டுவிட்டு, மதியம் விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரி வார்டில் வந்து நின்றாள் செல்வி. கட்டிலில் கிடந்தவர் ரெண்டாம் நம்பர். பெயர் சகாயராஜ் என்று சீட்டில் எழுதியிருந்தது. தண்ணீர் கசியாமலிருக்க வால்வின் கழுத்தில் சுற்றுகிற எண்ணெய்க் கயிற்றை மாற்றச் சொல்லிக் கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்ததாம். கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது தண்ணீர் வந்திருக்கிறது. தொடை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. மோட்டார் இன்னும் ஒரு நிமிஷம் ஓடியிருந்தால் குழியே நிரம்பியிருக்கும் என்றார்கள்.

கட்டிலருகில் நின்ற அவர் மனைவி லூர்துமேரி, செல்வியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூணு ரிங் அடிச்சிட்டுத்தான் எறங்கினாரு. நான் சோறு எடுத்துக்கினு போயி பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தேன்."

"வந்துச்சு தங்கச்சி. நான் தொடல. சத்தியமா நான் தொடல."

"தெரியும்க்கா" என்றாள் லூர்துமேரி. "இத்தினி வருஷத்துல ஒரு நாளும் தொட்டதில்லியே. அத நம்பித்தானே இவரு உள்ள எறங்குவாரு."

செல்விக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. வராந்தாவுக்கு வந்தாள். அங்கே பத்திருபது பேர் நின்றார்கள், உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் நின்றதும் சேதி தெரிந்து மற்ற இரண்டு பேரும் வந்திருப்பார்களா? வந்திருந்தாலும் முகம் தெரியாதே. யோசித்துவிட்டு போனை எடுத்து '3' ஐ அழுத்தினாள். ஒரு ரிங்.

தூணோரம் நின்ற ஒரு பெரியவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். மடித்துக் கட்டிய வேட்டி, நரைத்த மீசை, வயல் சேறு காய்ந்த கணுக்கால். போனைப் பார்த்தார், தலையைத் தூக்கி வராந்தாவைச் சுற்றிப் பார்த்தார். செல்வி தன் போனை உயர்த்திக் காட்டினாள்.

"நீயா ஒன்னாம் நம்பரு? பொம்பளையா!" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆஸ்பத்திரி என்று நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டார். "டாண்ணு டயத்துக்கு அடிக்கிறதப் பாத்து, மிலிட்டரில இருந்து வந்த எவனோ முறுக்கு மீசைக்காரன்னு நெனச்சிக்கினு இருந்தேம்மா! நான் பாண்டுரங்கன்."

"கிறிஸ்துமசுக்கு அடிக்கிறது நீங்கதானேண்ணே?"

"பின்ன? ஒன்னாம் நம்பரு கிறிஸ்தவ ஆளுன்னு மட்டும் யாரோ சொல்லியிருந்தாங்க. பொங்கலுக்கு மணி எட்டாகறதுக்குள்ள திருப்பி அடிக்கிறவளும் நீதானே?" என்று சொல்லிவிட்டு அவர் '4' ஐ அழுத்தினார். தண்ணீர்க் குழாயடியில் நின்ற ஒல்லியான ஆள் திடுக்கிட்டுத் திரும்பினான். நெடுஞ்செழியன். திண்டிவனத்துக்காரன்.

மூன்று பேரும் வேப்ப மரத்தடிக்குப் போனார்கள். நெடுஞ்செழியன் கேட்டான்: "நீங்கள்லாம் ஏன் போட்டீங்க கையெழுத்து?"

"நீங்க மூணு பேரும் போட்டாச்சுன்னாரு" என்றாள் செல்வி.

"எங்கிட்டயும் அப்படித்தானே சொன்னான்" என்றார் பாண்டுரங்கன்.

"எனக்கும். சகாயராஜ் அண்ணனுக்கும் அதேதான், இப்பத்தான் கேட்டேன்."

"அப்ப மொதல்ல போட்டது யாரு?"

யாரும் இல்லை. நாலு பேரும் கடைசி ஆளாகத்தான் போட்டிருக்கிறார்கள். பாண்டுரங்கன் தலையில் கை வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். பதினோரு நாளாக நாலு ஷெட்டிலும் நாலு பேர் மற்ற மூன்று பேர்மேல் மனசு வெந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

சாயங்காலம் ராஜ்குமார் ஒரு பை சாத்துக்குடியோடு வந்தான். கட்டிலைச் சுற்றி எல்லாரும் ஒன்றாக நிற்பதைப் பார்த்ததும் அவன் நடை கொஞ்சம் தளர்ந்தது.

"ரொம்ப வருத்தமா இருக்குண்ணே. ஆனா ஆப்ல பர்மிட் போட்டுட்டு எறங்கியிருக்கணும் நீங்க. அது ரூலு."

"எங்கிட்ட இருக்கிறது பட்டன் போன் சார்" என்றார் சகாயராஜ், கண்ணைத் திறக்காமல். "மூணு ரிங் அடிச்சேன்."

"சிஸ்டத்துக்கு மிஸ்டு கால்லாம் தெரியாதுண்ணே."

"எங்களுக்குத் தெரியும்" என்றாள் செல்வி. "எங்கள வெளியில தள்ளிட்டுக் கூண்டப் போட்டீங்களே சார், அப்ப இத யாராவது கேட்டீங்களா?"

"அக்கா, நீங்க பூட்ட ஒடச்சிருக்கீங்க. கம்பெனி சொத்து. போலீஸ்ல சொல்லியிருக்கணும், நான்தான் சொல்லல. திங்கக்கிழம காலையில ஆளக் கூட்டிக்கினு வந்து புதுப் பூட்டு போடுவேன். அதுவரைக்கும் நீங்க கையால ஓட்டுங்க, மத்த ஷெட்ட ஆபீஸ்ல பாத்துக்குவாங்க. அப்புறம் கூண்டத் தொடாம சும்மா இருக்கணும்."

"ஒருத்தன் தொடை முறிஞ்சி கெடக்கிறான். உனக்குப் பூட்டா பெரிசு?" என்றார் பாண்டுரங்கன். ராஜ்குமார் சாத்துக்குடியைக் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போனான்.

அன்று வேப்ப மரத்தடியில் நெடுஞ்செழியன் நோட்டுத் தாளைக் கிழித்து எழுதினான். ஏமாற்றி வாங்கிய கையெழுத்தைத் திருப்பித் தர வேண்டும். பழைய வருஷங்கள் கணக்கில் நிற்க வேண்டும். ஷெட்டில் இருக்கிற ஆள் ரிங் கொடுக்காமல் மோட்டார் ஓடக்கூடாது. லூர்துமேரி கட்டிலுக்குக் கொண்டுபோய்ச் சகாயராஜிடமும் கையெழுத்து வாங்கி வந்தாள்.

"மனு போனா மேசையில தூங்கும். தண்ணிய நிறுத்திட்டா?" என்றான் நெடுஞ்செழியன்.

"நிறுத்திட்டா ஜனங்க நம்மளத்தான் காறித் துப்பும். அவனுக்கு அது லட்டு மாதிரி" என்றார் பாண்டுரங்கன்.

செல்வி மெதுவாகச் சொன்னாள். "ஞாயித்துக்கெழம பூரா கையால ஓட்டி எல்லாத் தொட்டியையும் நெறச்சிடுவோம். ரெண்டு நாளைக்கு ஒரு வூட்லயும் தண்ணி கொறையாது. திங்கக்கெழம காலையில நாம அவங்கவங்க குழியில எறங்கிடுவோம். குழியில ஆளு இருந்தா மோட்டாரத் தொடக் கூடாது. அதானே நம்ம சட்டம்? அவங்களும் கத்துக்கட்டும்."

ஆறு மணிக்குப் பாண்டுரங்கன் முதல் ரிங் கொடுப்பது, மற்றவர்கள் தொடர்வது என்று பேசிக்கொண்டார்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தார்கள். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் செல்விக்கு மறுபடி அந்தப் பழைய தனிமை மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரே ஒரு சாயங்காலம் பார்த்த முகங்கள். நம்பலாமா?

ஞாயிறு முழுக்க மோட்டார் ஓடியது. வால்வுத் தலையிலிருந்த சின்ன மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, முப்பத்தெட்டுச் சுற்றையும் அவளே சுற்றினாள். அந்த வலி அவளுக்கு வேண்டியிருந்தது. சாயங்காலம் இரண்டு ரிங் வந்தது. தொட்டிகள் நிறைந்துவிட்டன. சின்ன மோட்டாரைத் திரும்ப மாட்டி, ஆபீஸில் தட்டினால் ஓடும்படி விட்டுவைத்தாள்.

திங்கட்கிழமை ஆறு மணி. போன் சும்மா கிடந்தது. ஆறே கால். வெள்ளைக் கார் வரப்பு மண்ணைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. ராஜ்குமார் இறங்கினான், பின்னால் ஒரு மெக்கானிக். கையில் தேங்காய் அளவுக்குப் புதுப் பூட்டு.

"குட்மார்னிங்க்கா. எல்லாம் சரியாப் போச்சு. மத்தவங்க ஒத்துக்கினாங்க. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

அதே வார்த்தை. செல்வி போனைப் பார்த்தாள். ஆறு பதினெட்டு. பாண்டுரங்கன் அடிக்கவில்லை. ஒருவேளை நிஜமாகவே ஒத்துக்கொண்டிருப்பாரோ? எதிரே ராஜ்குமார் புன்னகையோடு காத்திருந்தான். அன்றைக்கும் இப்படித்தான் காத்திருந்தான்.

அன்று முதலில் போட்டது யாருமில்லை. இன்று யாராவது ஒருத்தர் முதலில் இருந்துதான் ஆக வேண்டும்.

"அப்படியா தம்பி" என்றாள். அவனை அவள் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. '4' ஐ அழுத்தினாள். மூன்று ரிங். '3' ஐ அழுத்தினாள். மூன்று ரிங். கை ஒரு கணம் நின்றது. ரெண்டாம் நம்பரில் யார் இருக்கப்போகிறார்கள்? ஆனாலும் வரிசையை விட மனசு வரவில்லை. '2'. மூன்று ரிங். பிறகு வால்வு சாவியை எடுத்துக் குழியோரம் நட்டு, அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஜாயின்ட் கசிந்து முழங்காலளவு நின்ற தண்ணீர் சில்லென்று ஏறியது; மோட்டார் போட்டால் முதலில் பிய்த்துக்கொள்வது அந்த ஜாயின்ட்தான். குழாயின் முதுகில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அக்கா! இன்னா பண்றீங்க? ஏறுங்க!"

"குழியில ஆள் இருக்கு தம்பி. மோட்டாரத் தொடக் கூடாது."

"ஆறரைக்கு விழுப்புரத்துல இருந்து ஆன் பண்ணுவாங்க. வெளையாடாதீங்க!"

"எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். அவங்களுக்கு யாரு சொல்லப் போறது?"

குழிக்குள்ளிருந்து பார்த்தால் சதுரமாக ஒரு துண்டு வானம், அதன் ஓரத்தில் ராஜ்குமாரின் தலை. வேறொன்றும் இல்லை. போனைத் தண்ணீர் படாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். ஆறு இருபத்து மூன்று. ஆறு இருபத்து நாலு. உலகத்தில் தன்னைத் தவிர ஆளே இல்லாதது போல இருந்தது.

போன் நெஞ்சில் துடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கட். நாலாம் நம்பர்.

அவள் மூச்சை விட்டாள். உடனே இன்னொன்று. மூன்று ரிங். மூன்றாம் நம்பர். தொடர்ந்து ஒரு மெசேஜ், எழுத்துப் பிழையோடு: 'குழி மூடி தூக்க ஆள் கெடைக்கல. ஊர் பொம்பளைங்க தூக்குனாங்க. எட்டு பேரு எங்கூட கீள எறங்கிட்டாங்க.'

செல்வி சிரித்தாள். கண் நிறைந்து எழுத்து கலங்கியது. துடைத்துக்கொள்வதற்குள் கை மறுபடி அதிர்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

திரையில் '2'.

சகாயராஜ் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டோடு கிடக்கிறார். அப்படியானால், புருஷனைத் தூக்கியடித்த அதே குழியில், அதே தண்ணீருக்குள் இப்போது லூர்துமேரி நிற்கிறாள்.

மேலே ராஜ்குமாரின் போனும் அடித்தது. மற்ற மூன்று குழியிலும் ஆள் இறங்கிவிட்டதாகச் சேதி வந்திருக்கிறது, ஆன் பண்ணலாமா என்று விழுப்புரத்திலிருந்து கேட்டார்கள். அவன் குனிந்து குழியைப் பார்த்தான். செல்வி அசையவில்லை. அவன் முகம் வெளுத்துப்போய், கையிலிருந்த பூட்டு கீழே விழ, அந்தக் காணைக்காரன் தொண்டை கிழியக் கத்தினான்:

"ஆன் பண்ணாதீங்க சார்! குழியில ஆள் இருக்கு! நாலு குழியிலயும் ஆள் இருக்கு! தொடாதீங்க!"

அந்தச் சத்தம் செல்வியின் நல்ல காதில் தெளிவாக விழுந்தது. கையெழுத்து இன்னும் கம்பெனி பீரோவில்தான் இருக்கிறது. குத்தகையும் அப்படியே இருக்கிறது. போலீஸ் ஜீப் வந்தாலும் வரும். அவள் குழாயின்மேல் உள்ளங்கையை வைத்தாள். உள்ளே தண்ணீர் அசையாமல் நின்றது. இதே குழாயில் அந்தப் பக்கம் லூர்துமேரியும் கை வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, கையை எடுக்காமலே இருந்தாள்.